வெள்ளிக்கிழமை வேட்டி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லாரும் முதல் கிழமையிலேயே யாரோ ஒருவர் மேல் எழுதப்பட்ட ஒரு பெட்டிசத்தைக் கையில் எடுப்பீர்கள். எடுத்தவுடனே உங்களுக்குள் ஒரு பொலிஸ்காரன் எழும்பி நிற்பான். எனக்குள்ளும் எழும்பினான். நல்ல உயரமான ஆள், மீசையும் வைத்திருந்தான். அவனை ஒரு கதிரையில் இருத்தி வைக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்தக் காலத்தில் நடந்த இரண்டு விசாரணைகளைச் சொல்கிறேன். படிவம் நிரப்புவதையும், எந்தக் கோவை எந்த அலுமாரிக்குப் போகும் என்பதையும் உங்கள் பெரிய கிளாக்கர் சொல்லித் தருவார். அதற்கு நான் தேவையில்லை.

நான் சேர்ந்தது யுத்த காலம். பர்மாவை யப்பானியர் பிடித்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோய், எல்லா வீட்டிலும் கூப்பனும் மரவள்ளிக் கிழங்குமாக இருந்த நேரம். ஆதரவில்லாத கிழவர்கள், விதவைகள், நோயாளிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு சிறிய உதவிச் சம்பளம் கொடுத்தது. சனங்கள் அதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அது வருகிற வீட்டில் அடுப்பு எரியும். நின்ற வீட்டில் எரியாது. உழைத்துக் கொடுக்க ஓர் ஆண் துணை இருக்கிற வீட்டுக்கு அது கிடையாது என்பது விதி.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டு பெட்டிசங்கள் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்தில் எழுதத் தெரிந்தவன் பெட்டிசம் எழுதினான். தெரியாதவன் ஆள் பிடித்து எழுதுவித்தான். பெரும்பாலும் பெயரில்லாத மொட்டைப் பெட்டிசங்கள். ‘உண்மை விளம்பி’, ‘ஊர் நலன் நாடுபவன்’ என்று அடியில் கையெழுத்து இருக்கும். இவற்றை விசாரிக்க எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டி.ஆர்.ஓ.வின் கந்தோருக்கு ஓர் இளம் கிளாக்கர் தேவைப்பட்டார். சைக்கிள் வைத்திருந்த குற்றத்துக்காக என்னைப் பிடித்தார்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

இணுவிலில் ஒரு கிழவர். மனைவி இறந்து, பிள்ளைகளும் இல்லாத தனிக்கட்டை. அவரிடம் வண்டில் மாடு இருக்கிறது, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார், மலாயாவில் தமையன் மகன், பெறாமகன் ஒருவன் இருக்கிறான் என்று பெட்டிசம். நான் கேள்விகளைச் செதுக்கிச் செதுக்கி எழுதிக்கொண்டு, அவரைக் கந்தோருக்கு அழைப்பித்தேன். துவைத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரத்துக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார்.

“வண்டில் மாடு வைச்சிருக்கிறியளோ?”

“ஓம்.”

“தோட்டம் குத்தகைக்கு விட்டனியளோ?”

“ஓம்.”

“மலாயாவிலை பெறாமகன் இருக்கிறாரோ?”

“ஓம் ஐயா, ஓம்.”

பன்னிரண்டு கேள்விக்குப் பன்னிரண்டு ஓம். இவ்வளவு நேர்மையான கள்ளனை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருடைய பெருவிரல் அடையாளத்தை வாங்கிக்கொண்டு, சம்பளத்தை நிறுத்தும்படி எழுதி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டி.ஆர்.ஓ. ஐயாவிடம் கொடுத்தேன். சம்பளமும் நின்றது. இரண்டு மாதம் கழித்து வேறேதோ காரியத்துக்காக அந்தக் கோவையை எடுத்த டி.ஆர்.ஓ. ஐயா அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த மனுசனிட்டை ‘இல்லை’ எண்டு ஒரு மறுமொழி வாங்கிக்கொண்டு வாரும்,” என்றார்.

இணுவிலுக்கு ஓடினேன். ஓர் ஒற்றைக் கொட்டில். முற்றத்தில் ஒரு மெலிந்த ஆடு. கிழவர் என்னைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

“அப்பு, நீங்கள் ஆனை வைச்சிருக்கிறியளோ?”

“ஓம்.”

“நீங்கள் செத்து எத்தினை வரியம்?”

“ஓம் ஐயா. எல்லாம் உங்கடை புண்ணியத்திலை.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். கிழவருக்கு நாலைந்து வருஷமாகக் காது கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் பகிடி பண்ணுவார்கள் என்ற வெட்கத்தில், யார் எதைக் கேட்டாலும் மரியாதையாக ஓம் என்றுவிடுவார். சம்பளம் கொடுக்கிற நாளில் அவர் இரண்டு தரம் வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ‘உங்களுக்கு வெட்டியாச்சு’ என்று சொன்னபோதும் ‘ஓம்’ என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு இணுவிலுக்குத் திரும்பி நடந்திருக்கிறார்.

அடுத்த மாதமே சம்பளத்தைத் திரும்பக் கொடுப்பித்தோம். ஆனைக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த இரண்டு நடையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சிரிப்பு நின்றுவிடும். அன்று முதல் எந்த விசாரணைக்குப் போனாலும், ‘ஓம்’ என்று சொல்ல முடியாத ஒரு கேள்வியை முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

அடுத்தது கீரிமலைப் பக்கத்து விஷயம். அந்த ஊரில் பாக்கியம் என்று ஒரு விதவை. புருஷன் வன்னியில் காடு வெட்டப் போன இடத்தில் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு, இளையவளுக்கு ஒன்பது. பாக்கியம் கிடுகு பின்னுவாள், சுருட்டுக் கொட்டிலுக்குப் புகையிலை கிழித்துக் கொடுப்பாள். அதோடு உதவிச் சம்பளமும் வந்ததால் மூன்று சீவன் பிழைத்துக் கிடந்தது.

அவளைப் பற்றி வந்த பெட்டிசம் நல்ல கையெழுத்தில் இருந்தது. ‘மேற்படி பெண்ணின் தமையன் முருகேசு என்பவர் பர்மாவிலிருந்து திரும்பி வந்து, வன்னியில் உழைத்து, கிழமைதோறும் இவளுடைய வீட்டுக்கு வந்து போகிறார். வியாழக்கிழமை இரவுகளில் ஆண் குரலில் இருமல் கேட்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் கிணற்றடிக் கொடியில் நாலுமுழ வேட்டி காய்கிறது. ஆதரவற்றவள் என்று அரசாங்கத்தை ஏமாற்றும் இவளுக்குத் தக்க தண்டனை வழங்க வேண்டும்.’

இருமல், வேட்டி, கிழமை எல்லாம் இருந்தன. இதைவிடச் சாட்சி வேண்டுமா? நான் கொப்பியைத் திறந்து கேள்விகளை எழுதத் தொடங்கினேன். வேட்டியைப் பற்றி மட்டும் ஒன்பது கேள்வி. மொத்தம் முப்பத்தொன்று. எந்தப் பக்கத்தால் ஓடினாலும் அவளை மறிக்கிற மாதிரி வேலி போட்டு வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் கந்தோருக்கு மருத்துவிச்சியம்மா வந்தா. அந்தப் பகுதிக்கு அரசாங்கம் நியமித்த மருத்துவிச்சி. கறுப்புக் குடையும் தோல் பையுமாக ஊரூராக நடந்து பிள்ளைப்பேறு பார்ப்பா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மாதம் ஒருதரம் பிறப்புக் கணக்குக் கொடுக்க வருவா. வந்தால் கந்தோர் முழுவதும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

“என்ன கிளாக்கர் ஐயா, சோதனைக்குப் படிக்கிறியளோ?”

“சோதனை எனக்கில்லை, இன்னொராளுக்கு,” என்று பெருமையோடு சொல்லி, பெயர் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பெட்டிசத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. நீங்கள் காட்டாதீர்கள். ஆனால் அன்றைக்கு நான் காட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அவ பெட்டிசத்தை வாசித்தா. என் கொப்பியையும் வாசித்தா.

“முப்பத்தொரு கேள்வியும் அந்த மனுசிக்கோ? இந்தக் கடுதாசிக்கு ஒண்டும் இல்லையோ?”

“கடுதாசியிட்டை என்னத்தைக் கேக்கிறது?”

“எங்கை நிண்டு பாத்தனி எண்டு கேளுங்கோவன். கிணத்தடிக் கொடியாம். எங்கடை ஊர் வளவுகளிலை ஒழுங்கையாலை போற ஆளுக்குக் கிணத்தடி தெரியுமோ? நான் ஒரு நாளைக்கு இருவது வேலி கடக்கிறன். படலை திறந்தால்தான் எனக்கே உள்ளுக்குள்ளை தெரியும்.”

சமாளித்துக்கொண்டு, “உங்களுக்கு இந்த வீடு தெரியும் போலை. அங்கை ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்டேன்.

“நல்லாய்க் கேட்டியள். வீடுகளுக்குள்ளை கண்டதை நான் கந்தோரிலை வந்து சொன்னால் நாளைக்கு எந்தப் படலை எனக்குத் திறக்கும்? போய்ப் பாருங்கோ. எப்ப விசாரணை?”

“வெள்ளிக்கிழமை. வேட்டி காயிற நாள்.”

“அப்ப நானும் அந்தப் பக்கம் ஒரு குழந்தையைப் பாக்க வாறன்,” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

முப்பத்தொரு கேள்வியையும் நான் கிழித்துப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு ஞானம் அப்போது இல்லை. அவற்றுக்கு மேலே கொஞ்ச இடம் இருந்தது. அதில் ‘எங்கே நின்று பார்த்தது?’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம் முந்தியே போய்ச் சேர்ந்தேன். சைக்கிளை ஒழுங்கை முடக்கில் சாத்திவிட்டு, பாக்கியத்தின் வளவைச் சுற்றி நடந்தேன். ஒழுங்கைப் பக்கம் கிடுகு வேலி என் தலைக்கு மேலே இருந்தது. நுனிக்காலில் நின்றும் பார்த்தேன். வீட்டின் கூரை மட்டும் தெரிந்தது. வடக்குப் பக்கமும் அப்படியே. பின்பக்கம் ஒரு பனங்காணி. பயிர்ச்செய்கை ஒன்றும் இல்லை, ஆள் நடமாடத் தேவையும் இல்லை. அந்தப் பக்கத்து வேலியில் ஓர் இடத்தில் கிடுகு பிரித்து விலக்கப்பட்டிருந்தது, சரியாக ஓர் ஆணின் கண் உயரத்தில். கீழே மண் மிதிபட்டு இறுகிக் கிடந்தது. ஏழெட்டுச் சுருட்டுக் கட்டைகள் கிடந்தன. நான் அந்த ஓட்டையில் கண்ணை வைத்தேன். கிணற்றடி, கொடி, கொடியில் வேட்டி, அடுப்படி வாசல் எல்லாம் தெரிந்தன. உள்ளே மூத்த பிள்ளை குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று விலகினேன்.

எனக்குள் நின்ற மீசைக்காரப் பொலிஸ்காரன் முதல்தடவையாக வேறு பக்கம் திரும்பினான்.

விசாரணை ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீட்டு முற்றத்தில். அந்த நாளில் அப்படித்தான் நடக்கும். எனக்கு ஒரு கதிரை, மேசை, இளநீர். பாக்கியம் தூணோடு நின்றாள். ஊரில் இருபது முப்பது பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் நின்றவர் அந்தப் பனங்காணிக்காரர். நாற்பது வயதிருக்கும், வசதியான மனிதர், வாயில் சுருட்டு. மருத்துவிச்சியம்மாவும் வந்து ஒரு ஓரமாகக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றா.

“உம்மடை வீட்டிலை ஆம்பிளை ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டேன்.

பாக்கியம் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

“கொண்ணர் முருகேசு வந்து போறவரோ?”

அதற்கும் பேச்சில்லை. விதானையார் பொறுமை இழந்து, “சொல்லன் பிள்ளை, ஐயா கேக்கிறார். ஓமோ, இல்லையோ?” என்றார்.

அவள் என்னை நேரே பார்த்தாள். “வெட்டிறதெண்டால் சம்பளத்தை வெட்டுங்கோ ஐயா. இந்தச் சபையிலை நான் உதுக்கு மறுமொழி சொல்ல மாட்டன்.”

“பாத்தியளே, ஒப்புக்கொண்டிட்டாள். எழுதுங்கோ ஐயா!” என்றார் பனங்காணிக்காரர்.

பேனை கையில் இருந்தது. மறுமொழி சொல்ல மறுத்தால் நிறுத்தலாம் என்பதும் விதிதான். முப்பது பேர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி எல்லாரும் பார்க்கும்போது எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கு ஒரு நாள் தெரியவரும். ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. கள்ளம் செய்தவள் ‘இல்லை’ என்று சத்தியம் பண்ணியிருப்பாள். உண்மையில் தமையன் இல்லாதவளும் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு சொல்லை இவள் ஏன் வாயில் எடுக்கவில்லை? சம்பளத்தைவிடப் பெரிதாக எதையோ இவள் பொத்திப் பிடித்திருக்கிறாள்.

பேனையை மூடினேன். “வீட்டைப் பாக்க வேணும்,” என்று எழும்பினேன்.

படலைவரைக்கும் ஊரே பின்னால் வந்தது. “ஆள் இண்டைக்கு உள்ளுக்கை நிக்கும். கவனம் ஐயா, கப்பல்காரன்,” என்று விதானையார் காதுக்குள் சொன்னார். கப்பலில் வேலை பார்த்த முருகேசு ஒருமுறை வாய்த்தர்க்கத்தில் ஓர் ஆளைத் தூக்கிக் கீரிமலைக் கேணிக்குள் போட்டவராம். அதனால் எனக்குத் துணையாக உள்ளே வர ஒருவரும் அவசரப்படவில்லை. மருத்துவிச்சியம்மா மட்டும் வந்து வாசற்படியில் இருந்துகொண்டா. பாக்கியம் படலையைச் சாத்தினாள்.

வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி. ஒரு மரப்பெட்டி, இரண்டு பாய். பாய் மூன்றுகூட இல்லை. அடுப்படி வாசலில் பெரிய செருப்புச் சோடி ஒன்று கிடந்தது. முருகேசு இல்லை.

“பிள்ளை, ஐயாவுக்குச் சொல்லு,” என்றா மருத்துவிச்சியம்மா. “இவர் கொஞ்சம் விளக்கமுள்ள ஆள்தான்.” அந்தக் ‘கொஞ்சம்’ எனக்குக் கேட்டது.

பாக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அண்ணை ரங்கூனுக்குப் போன கப்பல் திரும்பி வரேல்லை, ஐயா. யப்பான்காரன் அங்கை வந்த பிறகு ஒரு கடுதாசியும் இல்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.”

“அப்ப, பர்மாவாலை திரும்பி வந்திட்டார் எண்டு ஊரிலை கதைக்கிறது?”

“நான்தான் சொன்னனான். மாரி தொடங்கேக்கை பின்வேலியிலை ஆளரவம். ஒருநாளில்லை, ரெண்டுநாளில்லை. ஆரெண்டு காணேல்லை. காணாமல் ஆரைச் சொல்லிறது? ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை படுக்கிறன் ஐயா. அண்ணையின்ரை பெட்டியிலை வேட்டி கிடந்தது. நனைச்சுக் கொடியிலை போட்டன். செருப்பை எடுத்து வெளியிலை வைச்சன். அண்ணை கிழமைக்கொருக்கால் வந்து போறார் எண்டு அக்கம்பக்கத்திலை சொன்னன்.”

“இருமல்?”

“அதுவும் நான்தான். நாய் குலைச்சால் இருமுவன். இருமினால் வேலிக்கு அங்காலை ஓடிற சத்தம் கேக்கும்.” அவள் முகத்தில் சிரிப்பு ஓடி வந்து, பாதியில் நின்றது. “முதல் நாள் நான் இருமினாப்போலை சின்னவள் எழும்பி வந்து, மாமா எங்கை எண்டு கேட்டாள்.”

“இதை ஏன் அங்கை சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“எப்படி ஐயா சொல்ல? இல்லையெண்டு அந்தச் சபையிலை சொன்னால் இண்டைக்கே வேலி பிரியும். ஓமெண்டு சொன்னால் அடுப்பு நூரும்.”

முப்பத்தொரு கேள்வி வைத்திருந்தேன் என்றேனே, அவற்றில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் நம்பினேன் என்பதற்காகச் சோதிக்காமல் விடலாமா? “அந்த இருமலை ஒருக்கால் இருமும், பாப்பம்,” என்றேன்.

அவள் வெட்கப்பட்டாள். மருத்துவிச்சியம்மா தலையாட்டினா. பாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாடியைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமினாள். முப்பது வருஷம் சுருட்டுக் குடித்த நெஞ்சிலிருந்து வருகிற கரகரத்த, கோபம் பிடித்த இருமல். நான் கதவோரம் நின்றவன், என்னை அறியாமல் முற்றத்தில் போய் நின்றேன். மருத்துவிச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா.

சிரிப்பு அடங்கியதும் யோசிக்க வேண்டியிருந்தது. வெளியே முப்பது பேர் நிற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இவளுடைய காவல் போய்விடும். சொல்லாவிட்டால் சம்பளம் போய்விடும். அரசாங்க உத்தியோகத்தன் பொய் சொல்லவும் கூடாது. சொல்லப் போகிற ஒவ்வொரு வசனத்தையும் கிணற்றடியில் நின்று இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த உண்மையான ஆயத்தம் அந்த ஐந்து நிமிஷம்தான்.

படலையைத் திறந்து, பலமாகச் சொன்னேன். “வீட்டைப் பாத்திட்டன். முருகேசு எண்டவராலை இந்த வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் வாறேல்லை. அவர் உழைச்சுக் குடுக்கிற நிலையிலை இல்லை. சம்பளம் நிக்காது.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேண்டுமானால் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

விதானையார் கிட்ட வந்து, “ஆளுக்கு ஏதும் வருத்தமோ?” என்று கேட்டார்.

“விசாரணையிலை கண்டதை ஒழுங்கையிலை கதைக்கேலாது, விதானையார்.”

பனங்காணிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “அதென்ன ஞாயம்? ஆள் உழைக்காமலோ அடுப்படி வாசலிலை அவ்வளவு பெரிய செருப்புக் கிடக்குது, குதி தேஞ்சு?”

நான் பெட்டிசத்தை எடுத்து விரித்தேன். “இதிலை வேட்டி இருக்கு, இருமல் இருக்கு. செருப்பு இல்லையே. ஒழுங்கையிலை நிண்டு பாத்தால் அடுப்படி வாசலும் தெரியாது. நீங்கள் எங்கை நிண்டு பாத்தனியள்?”

அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்தார். நானும் பார்த்தேன். விதானையார் அவரைப் பார்த்தார். பிறகு ஊரே பார்த்தது. கூட்டத்தில் நின்ற ஒரு பெண், “அட சீ!” என்றாள். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு ஊர் தானே கண்டுபிடிப்பதை நாம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

கந்தோருக்கு வந்து மூன்று வரியில் அறிக்கை எழுதினேன். வீட்டுக்கு ஆண் வருமானம் இல்லை, நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன், உதவி தொடரலாம். டி.ஆர்.ஓ. ஐயா என்னைக் கூப்பிட்டு, “அப்ப வேட்டி ஆரின்ரை?” என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வாயால் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதாமல் விட்டது நல்லது. எழுதினால் எங்கடை கந்தோர்ப் பெடியள் நாளைக்கே அதை அந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாங்கள்,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பனங்காணிப் பக்கம் கிழமைக்கு இரண்டு தரம் சுற்றிப் பார்க்கும்படி விதானையாருக்கு ஒரு கட்டளையும் போனது. எதை எழுதுவது என்று உங்களுக்குப் பலர் சொல்லித் தருவார்கள். எதை எழுதாமல் விட்டு, யாரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள்தான் பழக வேண்டும்.

ஆனால் அன்று நான் அந்த ஊரைவிட்டு வந்த விதத்தை டி.ஆர்.ஓ. ஐயாவுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. பாக்கியம் உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றேன். என்ன நினைத்தேனோ தெரியாது. திரும்பி, அந்த வெறும் வீட்டைப் பார்த்து, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

“அப்ப நான் வாறன், அண்ணை!”

இது பொய்யா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களில் சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்தது அந்த இருமல், மூன்று முறை, முன்னையதைவிடக் கோபமாக.

கூட்டம் இரண்டு அடி பின்னால் போனது. பனங்காணிக்காரர் அந்த இடத்தில் இல்லை. எப்போது போனார் என்று ஒருவரும் காணவில்லை. விதானையார் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, வேலியைப் பார்த்துப் பணிவாகக் குரல் கொடுத்தார்.

“நீங்கள் ஆறுங்கோ அண்ணை! இங்கினை எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்!”

மருத்துவிச்சியம்மா வெயிலில்லாத பக்கமாகக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டா. நான் சைக்கிளில் ஏறி, ஒழுங்கை முடியும்வரைக்கும் சிரிக்காமல் மிதித்தேன். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான்.